நான்கு நாள் மருந்து, நான்கு மணி நேரம்

இன்னிக்கு எபிசோடை ஒரு பிளாஸ்திரித் துண்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் அப்பாவுக்கு டைபாய்டு. நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம், ராத்திரித் துணைக்கு நான். முதல் நாள் பத்து மணிக்கு வயசான ஒரு சிஸ்டர் வந்து புது பாட்டில் மாட்டினார். 500 மில்லி. மாட்டியதும் வெள்ளை பிளாஸ்திரியை நீளமாகக் கிழித்து, பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒட்டினார். பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் 11, 12, 1, 2, 3 என்று எழுதினார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டுகளை எண்ணி, குழாயில் இருக்கும் சின்ன உருளையை லேசாகத் திருகினார்.

"எதுக்கு சிஸ்டர் இது?"

"பன்னெண்டு மணிக்குத் தண்ணி இந்தக் கோட்டுல நிக்கணும் தம்பி. மேல நின்னாலும் சரி, கீழ போனாலும் சரி, என்னை வந்து கூப்பிடுங்க. நீங்களா உருளையைத் தொடாதீங்க."

உண்மையைச் சொன்னா, எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர் வார்டில் விளக்கு மின்னும் பம்ப் எல்லாம் இருக்கு. இங்கே பிளாஸ்திரியும் பேனாவும். ஆனா அதுக்கப்புறம் இந்த ட்ரிப்ஸ் ஏத்துற விஷயத்தோட வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தத் துண்டு மேல எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. ஏன்னு சொல்ல 1832-க்குப் போகணும்.

பிரிட்டனில் காலரா. நோயாளிகள் வாந்தி, பேதியில் உடம்பின் நீர் எல்லாம் வற்றி, நீலம் பாய்ந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள். வில்லியம் புரூக் ஓஷானசி என்ற 22 வயது ஐரிஷ் டாக்டர், காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் குறைந்துபோயிருப்பதைக் காட்டினார். அப்படியானால் நீரையும் உப்பையும் நேரே ரத்தக் குழாயில் திருப்பிக் கொடுக்கலாமே என்றும் யோசனை சொன்னார். (இந்த ஓஷானசிதான் பிறகு கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி போடும் வேலைக்குத் தலைமை ஏற்றவர். அவருக்குத் தனி எபிசோடே போடலாம்.) ஸ்காட்லாந்தில் லீத் துறைமுகத்தில் இருந்த தாமஸ் லாட்டா என்ற டாக்டர் அதைச் செய்து பார்த்தார். முதல் நோயாளி ஒரு வயதான அம்மா. கிட்டத்தட்ட பிணம் மாதிரி கிடந்தவர். அரை மணி நேரத்தில் ஆறு பைன்ட், அதாவது மூன்று லிட்டருக்கும் மேல் உப்புநீர் ஏற்றினார் லாட்டா. குழி விழுந்த கண் மேலே வந்தது, நாடி திரும்பியது, அந்த அம்மா பேசினார். லாட்டா, மருத்துவமனை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வாந்தியும் பேதியும் மறுபடி ஆரம்பித்தன. ஐந்தரை மணி நேரத்தில் அந்த அம்மா இறந்துவிட்டார்.

இந்தச் சம்பவத்தைப் பொதுவாக ஒரு கண்டுபிடிப்பின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறு ஒன்று தெரிகிறது. எவ்வளவு கொடுக்கணும் என்ற கேள்விக்கு லாட்டாவிடம் ஓரளவு பதில் இருந்தது. எவ்வளவு நேரத்துக்குள், எத்தனை நேரம் வரை என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. மாத்திரைக்கு இந்தச் சிக்கல் பெரிசா கிடையாது. முழுங்கினா வயிறு அதன் வேகத்தில் உள்ளே விடும். ரத்தக் குழாயில் நேரே விடும்போது அந்தத் தடுப்பு இல்லை. நம்ம பேச்சுவழக்கில் "நரம்பு ஊசி"ன்னு சொல்றோம். அது நரம்பு இல்லை, சிரை, ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் பாதை. உள்ளே போனது நொடிகளில் இதயத்தைத் தொட்டுவிடும். அதனால் இங்கே டோஸ் என்பது ஒரு எண் கிடையாது, இரண்டு எண்: அளவு ஒன்று, நேரம் ஒன்று. இந்த எபிசோடில் வரும் எல்லாத் தவறும் அந்த இரண்டாவது எண்ணில் நடந்தவை.

ரொம்ப காலம் நேரத்தை அளக்கச் சொட்டுதான் வழி. 1924-ல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ருடால்ஃப் மட்டாஸ் என்ற அறுவை மருத்துவர், சொட்டுச் சொட்டாக விடாமல் தொடர்ந்து ஏற்றும் முறையைப் பற்றி எழுதினார். 1930-களில் தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரித்த பாட்டில்கள் வந்தன. பாட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் சொட்டு விழுவதை எண்ணலாம். சாதாரண ட்ரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி.

அப்பாவின் பாட்டிலையே எடுத்துக்கலாம். 500 மில்லி, ஐந்து மணி நேரம். 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. ஐந்து மணி நேரம் என்றால் 300 நிமிஷம். வகுத்தால் நிமிஷத்துக்கு 33. சிஸ்டர் கடிகாரம் பார்த்து எண்ணினது அதைத்தான். மைக்ரோ செட்டில் இன்னும் அழகு. 60 சொட்டு ஒரு மில்லி, 60 நிமிஷம் ஒரு மணி. ரெண்டு அறுபதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டோ, மணிக்கு அத்தனை மில்லி. இதை யார் யோசிச்சாங்களோ, அவங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரணும்.

ஆனால் சில மருந்துகளுக்குச் சொட்டு போதாது. கீமோதெரபி மருந்து, இதயத்துக்கான மருந்து, இன்சுலின் போன்றவற்றுக்கு மணிக்கு ஒன்றிரண்டு மில்லிகூட இருக்கலாம். அங்கேதான் பம்ப் நுழைகிறது. 1970-களில் டீன் கேமன் என்ற இளைஞர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன பம்பைச் செய்தார். செக்வே வண்டி ஞாபகம் இருக்கா, ரெண்டு சக்கரத்தில் நின்னுக்கிட்டே போவாங்களே? அதே கேமன்தான். பம்ப் வந்ததும் சொட்டு எண்ணும் வேலை போனது. கூடவே, கண்ணால் பார்க்கும் வேலையும் போனது. பம்ப் நீங்கள் கொடுத்த எண்ணை ரொம்ப விசுவாசமாக நிறைவேற்றும். அந்த எண் சரியா என்று அது கேட்காது.

அடுத்து 1994, பாஸ்டன். டானா ஃபார்பர் புற்றுநோய் நிலையம், உலகத்திலேயே பேர்பெற்ற இடம். பெட்ஸி லேமன் என்பவர் பாஸ்டன் குளோப் பத்திரிகையில் மருத்துவப் பகுதி எழுதுபவர், வயது 39, மார்பகப் புற்றுநோய். அவருடைய கணவரே அந்த நிலையத்தில் ஆராய்ச்சியாளர். பரிசோதனை முறையில் அதிக அளவு கீமோ கொடுக்கும் திட்டம். மருந்தின் பேர் சைக்ளோபாஸ்பமைடு. நான்கு நாளைக்குச் சேர்த்து உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 4 கிராம் என்பது திட்டம். அவருக்கு அது மொத்தம் 6,520 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 1,630. ஆர்டர் எழுதும்போது, நான்கு நாளுக்கான மொத்தத்தை ஒரு நாளைக்கான அளவாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 6,520 மில்லிகிராம், நான்கு நாளும், தினமும்.

டாக்டர், பார்மசி, நர்ஸ் என்று பல கை தாண்டிய ஆர்டர் அது. யாரும் நிறுத்தவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டால் சுலபம். அங்கே அதிக டோஸ் என்பது தினசரி நடைமுறை. பெரிய எண்ணைப் பார்த்து அதிர்ச்சி அடையும் பழக்கமே மங்கிப்போயிருந்தது. 1994 டிசம்பர் 3-ஆம் தேதி லேமன் இறந்தார். இதயம் பழுதாகியிருந்தது. அப்போதும் டோஸைப் பற்றி யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, ஆராய்ச்சிக்கான தகவல்களை வழக்கம்போலச் சரிபார்த்த ஒரு அலுவலகப் பணியாளர்தான் கண்டுபிடித்தார். அதை நான் படித்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. மருத்துவம் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியாதது, எண்ணை எண்ணாக மட்டும் பார்த்தவருக்குத் தெரிந்தது.

1995 மார்ச்சில் செய்தி வெளியானது, அதுவும் அவர் வேலை செய்த பத்திரிகையிலேயே. 1999-ல் அமெரிக்காவின் மருத்துவ அகாதமி, மருத்துவத் தவறுகளைப் பற்றிய புகழ்பெற்ற அறிக்கையை லேமனின் பேரோடுதான் தொடங்கியது. அமெரிக்க மருத்துவமனைகளில் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை தவறுகளால் இறக்கிறார்கள் என்று கணக்குச் சொன்ன அறிக்கை அது. அதுக்கப்புறம் எழுதும் முறையில் நிறைய மாறியது. 5.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். வெறும் .5 என்று எழுதாதே, 0.5 என்று எழுது. யூனிட் என்பதை ஆங்கில 'யு' எழுத்தாகச் சுருக்காதே, அது பூஜ்யம் மாதிரித் தெரியும். 2004-ல் இவையெல்லாம் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தடைப் பட்டியலாகவே வந்தன. கூடவே, ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகச் சரிபார்ப்பது பல இடங்களில் விதியானது.

இரண்டு பேர் பார்த்தால் தப்பு நடக்காது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

2006 ஜூலை 31. கனடாவில் எட்மன்டன் நகரம், கிராஸ் புற்றுநோய் நிலையம். 43 வயதுப் பெண் ஒருவர். ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை வீட்டிலேயே பம்ப் மூலம் நான்கு நாள் விடாமல் ஏற்ற வேண்டும். மொத்த அளவு 5,250 மில்லிகிராம். பையில் ஒரு மில்லிக்கு 45.57 மில்லிகிராம் மருந்து. கணக்கை நாம சேர்ந்தே போடலாம். போனை எடுத்துக்கோங்க.

5,250-ஐ 45.57-ஆல் வகுத்தால் 115.2 மில்லி. நான்கு நாள், அதனால் நான்கால் வகுத்தால் 28.8. ஒரு நாளைக்கு 24 மணி, மறுபடி வகுத்தால் 1.2. பம்ப் கேட்பது மணிக்கு எத்தனை மில்லி. 1.2 என்று பதிக்க வேண்டும்.

நர்ஸ் கால்குலேட்டரில் முதல் இரண்டு வகுத்தலைச் செய்தார். 24-ஆல் வகுப்பது விடுபட்டது. விடை 28.8. சரியா என்று பையின் லேபிளைப் பார்த்தார். பார்மசி ஒட்டிய லேபிளில் பல எண்கள். 24 மணி நேரத்துக்கு 28.8 என்பதும் இருந்தது, மணிக்கு 1.2 என்பதும் இருந்தது. தேடிய எண் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தில் புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்போனால், வழியைத் திரும்பிப் பார்க்காமல் டிக் போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போவோமே, அதே நிம்மதி.

விதிப்படி இரண்டாவது நர்ஸைக் கூப்பிட்டார். அவருக்குக் கால்குலேட்டர் கிடைக்கவில்லை. துண்டுக் காகிதத்திலும் மனக்கணக்கிலும் போட்டார். அவருக்கும் 24 விடுபட்டது. அவரும் லேபிளில் 28.8-ஐப் பார்த்தார். இரண்டு பேர், இரண்டு கணக்கு, ஒரே விடை, லேபிளும் சாட்சி. பம்ப் மணிக்கு 28.8 மில்லி என்று ஓட ஆரம்பித்தது.

115.2-ஐ 28.8-ஆல் வகுத்துப் பாருங்க. நாலு. நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில் உள்ளே போய்விட்டது.

அந்தப் பெண் வீட்டில் இருக்கும்போதே பை காலியானது. அவரே கவனித்து மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். ஆகஸ்ட் 22-ஆம் தேதி இறந்தார். ஃபுளூரோயுராசில் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து. புற்றுநோய் செல் அப்படிப்பட்டது, ஆனால் குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும்கூட அப்படிப்பட்டவைதான்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் இந்த வழக்கை வரலாறு ஆக்கியது. மருந்துத் தவறுகளை ஆராயும் ஒரு கனடிய அமைப்பு வெளியாளாக வந்து விசாரித்தது. அறிக்கையை 2007-ல் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அதில் நர்ஸ்களின் பெயர் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி, எந்தச் சூழ்நிலையில் நல்ல நர்ஸ் இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்வார்கள் என்பது. அதே வகை பம்பை ஐந்து நர்ஸ்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். மூன்று பேர் தவறான எண்ணைப் பதித்தார்கள். அப்படின்னா பிரச்சினை அந்த இரண்டு பேரிடம் மட்டும் இல்லை. பம்புக்குத் தேவையே இல்லாத 28.8 லேபிளில் என்ன செய்துகொண்டிருந்தது? அந்த மருந்துக்கு மணிக்கு 28.8 என்பது நம்பவே முடியாத வேகம் என்று பம்புக்கு ஏன் தெரியவில்லை?

எனக்குப் பிடித்த பாடம் அந்த இரட்டைச் சரிபார்ப்பைப் பற்றியது. இரண்டாவது நர்ஸ் முதல் நர்ஸின் வழியிலேயே நடந்தார். அதே பை, அதே லேபிள், அதே வகுத்தல். ஒருவர் விழுந்த பள்ளத்தில் அடுத்தவரும் விழத்தான் செய்வார். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி போதும்: இந்த வேகத்தில் ஓடினால் பை எத்தனை மணிக்குக் காலியாகும்? இன்னிக்கு சாயங்காலமே காலியாகும் என்று பதில் வந்திருக்கும். நான்கு நாள் மருந்து சாயங்காலம் காலியானால், கணக்கு தெரியாதவருக்கும் பொறி தட்டும்.

இப்போ அந்த பிளாஸ்திரியை நினைச்சுப் பாருங்க. 11, 12, 1, 2, 3. அது சொட்டுக் கணக்கின் விடை இல்லை. எத்தனை மணிக்கு எங்கே இருக்கணும், எப்போ முடியணும் என்ற தலைகீழ்க் கேள்வியைப் பாட்டில் மேலேயே எழுதி வைக்கிற வேலை. ராத்திரித் துணைக்கு இருக்கிற, எதுவும் தெரியாத பையன்கூட அதைப் படிக்கலாம்.

பம்புகளும் மாறின. 2000-களில் வந்த ஸ்மார்ட் பம்புகளில் மருந்துப் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எல்லையும் உள்ளேயே இருக்கும். எல்லை தாண்டினால் எச்சரிக்கும், ரொம்பத் தாண்டினால் ஓடவே மறுக்கும். அதோடு எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2010-ல் கணக்குப் பார்த்தபோது, 2005 முதல் 2009 வரை பம்ப் சம்பந்தமாகச் சுமார் 56,000 புகார்கள், 87 முறை பம்புகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். சில பம்புகளில் ஒரு பட்டனை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பதிவாகும். 10 என்று அடித்தால் 100. நம்ம லிஃப்ட் பட்டன் அப்படிச் செய்தால் சிரிப்போம். பட்டியலைத் தவிர்த்துவிட்டு நேரே எண்ணைப் பதிக்கும் வழியும் பல பம்புகளில் உண்டு. அவசரத்தில் அந்த வழியில் போனால், ஸ்மார்ட் பம்பும் பழைய பம்ப்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஃபுளூரோயுராசில் அளவு மீறிப் போனால் அதை முறிக்க யூரிடின் ட்ரைஅசிடேட் என்ற மருந்து இருக்கு. 2006-ல் அது பரிசோதனை நிலையில் இருந்தது. 2015 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. மருந்து ஏறி முடிந்த 96 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதாவது நான்கு நாள்.

அப்பா கதையை முடிச்சுடறேன். அந்த ராத்திரி ஒரு மணிக்கு விழிச்சுப் பார்த்தா, தண்ணீர் 12 என்ற கோட்டிலேயே நிற்குது. 1-க்கு வரவே இல்லை. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அப்பா தூக்கத்தில் முழங்கையை மடக்கி வைத்திருந்தார், அதனால் ஓட்டம் குறைஞ்சிருக்கு. கையை மெதுவாக நீட்டிவிட்டு, ஊசி குத்தின இடத்தில் வீக்கம் இருக்கான்னு தொட்டுப் பார்த்து, மறுபடி 33 எண்ணினார்.

"கொஞ்சம் வேகமா விட்டா மூணு மணிக்கே முடிஞ்சிடும்ல சிஸ்டர்?"

"விட்டதைப் பிடிக்கிற வேலையெல்லாம் இங்க கிடையாது தம்பி."

பழைய பிளாஸ்திரியை உரித்துப் போட்டார். புதுசு ஒன்று கிழித்து ஒட்டி, மூன்று கோடு போட்டு எழுதினார்: 2, 3, 4.